எது எதோடு சேரும்? ஆங்கிலத்தில் ‘இணைத்தல்’ குறிக்கும் சொற்களும் அவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகளும்

இரண்டு பொருள்களை ஒன்றுசேர்ப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஜாயின், கனெக்ட், யுனைட், கம்பைன், லிங்க், மெர்ஜ், அட்டாச், டை, பைண்ட் என்று பட்டியல் நீளும். அகராதியில் ஒன்றைத் தேடினால் மற்றவை அதற்கு விளக்கமாக வந்து நிற்கும். ஆனாலும் ஒன்று நிற்கும் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பெரும்பாலும் பொருந்துவதில்லை. இரண்டு நிறுவனங்கள் ‘மெர்ஜ்’ ஆகின்றன. குழாயும் மின்கம்பியும் ‘கனெக்ட்’ செய்யப்படுகின்றன. இரண்டு நாடுகளின் தலைவர்கள் சேர்ந்து வெளியிடுவது ‘ஜாயிண்ட் ஸ்டேட்மென்ட்’. பல கட்சிகள் சேர்ந்து எதிரியை எதிர்கொள்வது ‘யுனைடெட் ஃப்ரன்ட்’. இரண்டு அணிகளின் மதிப்பெண்ணைக் கூட்டினால் வருவது ‘கம்பைன்டு டோட்டல்’. கடைசி மூன்றிலும் சேர்க்கை ஒன்றுதான். ஆனால் முதல் சொற்களை இடம் மாற்றிப் போட்டால் இலக்கணம் பிழைபடாவிட்டாலும் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களின் காதில் நெருடும்.

தமிழிலும் இது உண்டு. கூட்டறிக்கை என்கிறோம், ஐக்கிய முன்னணி என்கிறோம். ஐக்கிய அறிக்கை என்று யாரும் எழுதுவதில்லை. நம் மொழியில் இதைப் பிழையின்றிச் செய்துவிடுகிறோம், ஏன் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய கட்டாயம் வெளியிலிருந்து ஒரு மொழிக்குள் நுழைபவருக்கே வருகிறது. எந்தச் சொல் எதோடு சேரும் என்பதைத் தீர்மானிப்பது பொருளா, சொல்லின் பிறப்பா, விதியா, வெறும் பழக்கமா? பழக்கம்தான் என்றால், யாருடைய பழக்கம்? இந்தக் கேள்விகளுக்கு முந்நூறு ஆண்டுகளாக விடை சொல்லி வருகிறார்கள்.

பொருளின் நுணுக்கத்தில் தேடியவர்கள்

முழுக்க முழுக்க ஒரே பொருள் தரும் இரு சொற்கள் ஒரு மொழியில் இருக்க முடியாது, வேற்றுமையைக் கண்டு சொல்லிவிட்டால் தேர்வு தானே அமையும் என்பது பழைய விடை. 1718-இல் ஆபே ஜிரார் பிரெஞ்சுச் சொற்களுக்காக இந்த நோக்கில் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் அதே வேலையை 1794-இல் ஹெஸ்டர் லின்ச் பியோசி ‘பிரிட்டிஷ் சினானமி’ என்ற நூலில் செய்தார். சாமுவேல் ஜான்சனின் நெருங்கிய தோழியான அவர், பின்னர் இத்தாலிய இசைக்கலைஞர் ஒருவரை மணந்தவர். ஆங்கிலத்தை அன்றாடப் பேச்சில் பயன்படுத்தத் திணறும் அயல்நாட்டாரை மனத்தில் வைத்தே அவர் எழுதினார். 1816-இல் ஜார்ஜ் கிராப் இன்னும் விரிவாக எழுதினார்.

1852-இல் வந்த பீட்டர் மார்க் ரோஜேயின் ‘தெசாரஸ்’ வேறு வழியில் போனது. சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கிய ரோஜே, சேர்த்தலுக்கும் அதன் உறவுகளுக்கும் அடுத்தடுத்த எண்களை ஒதுக்கினார். 43-ஆவது தலைப்பு இணைப்பு, 44 பிரிப்பு, 45 இணைக்கும் கட்டு, 46 ஒட்டிநிற்றல், 48 கலந்து ஒன்றாதல். நம் நிகண்டுகளான திவாகரமும் பிங்கலமும் ஒருபொருள் குறித்த பல சொற்களை அடுக்கியதை இது நினைவூட்டும். ரோஜே எந்தச் சொல்லுக்கும் விளக்கம் தரவில்லை. பட்டியலைப் பார்த்ததும் பொருத்தமானது எது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆங்கிலேயருக்கு அது ஓரளவு சரிப்பட்டது. வெளியாருக்கு அந்தப் பட்டியல் சிக்கலைப் பெருக்கியது.

பொருள் வழி விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. சேர்ந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் நிறைய விளங்கும். ‘ஜாயின்’ என்றால் இரண்டு விளிம்புகள் தொட்டு நிற்கின்றன, தைத்த துணியில் தையல் தெரிவது போல. ‘கனெக்ட்’ என்றால் இடையே ஒரு வழி திறக்கிறது; அதன் ஊடாகத் தண்ணீரோ மின்சாரமோ செய்தியோ போகலாம். ‘கம்பைன்’ செய்தவை தத்தம் குணத்தோடு கலக்கின்றன. ‘மெர்ஜ்’ ஆனவற்றின் எல்லை அழிந்துவிடுகிறது. ‘யுனைட்’ ஆனவர்களுக்குப் பொதுவான ஒரு நோக்கமோ ஒரே ஆட்சியோ இருக்கிறது. 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே முடியரசானதைச் சட்டம் ‘யுனைட்’ என்ற சொல்லாலேயே குறித்தது. நூறாண்டுக்கு மேல் இரு நாட்டுக்கும் ஒரே மன்னர் இருந்தும், நாடாளுமன்றம் ஒன்றான பிறகே அந்தச் சொல் முழுமையாகப் பொருந்தியது.

ஆனால் இந்த விளக்கம் ஓர் எல்லைக்கு மேல் போகவில்லை. ஒரே நோக்கத்துக்காகப் படை சேர்ப்பவர்கள் ‘யுனைட்’ ஆக வேண்டும். ஆனால் நடைமுறையில் அவர்கள் ‘ஜாயின் ஃபோர்சஸ்’ என்ற தொடருக்குள் வந்துவிடுகிறார்கள். ‘யுனைட் ஃபோர்சஸ்’ தவறில்லை, அரிது. ஏன் அரிது என்பதற்குப் பொருள் நுணுக்கத்தில் விடை இல்லை.

சொல்லின் பிறப்பைப் பார்த்தவர்கள்

லத்தீன் வழி வந்த சொல்லைவிடப் பழைய ஆங்கிலச் சொல்லே இயல்பானது என்ற கருத்து இங்கிலாந்தில் வலுவாக இருந்தது. 1906-இல் ஃபவுலர் சகோதரர்கள் தங்கள் உரைநடைக் கையேட்டில் இதை ஒரு விதியாகவே வைத்தார்கள். 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல் அரசியல் மொழியைப் பற்றி எழுதிய கட்டுரையும் இதே பக்கம் சாய்ந்தது. நம் சொற்குழுவுக்கு இந்த விதி உதவுவதில்லை. ஜாயின், யுனைட், கனெக்ட், கம்பைன், மெர்ஜ், அட்டாச் எல்லாமே பிரெஞ்சிலிருந்தோ லத்தீனிலிருந்தோ வந்தவை. அவற்றுக்குள் எதைத் தேர்வது என்று விதி சொல்லாது. டை, பைண்ட் போன்ற பழைய ஆங்கிலச் சொற்களை அவற்றுக்கு மாற்றாகப் போட்டால் பொருளே மாறிவிடும்.

தொனியைப் பற்றி மட்டும் இவர்கள் சொன்னது நிற்கும். சட்டம், நாடு, நிறுவனம் என்றால் லத்தீன் சொல் முன்னே வருகிறது. உடல், வீடு, கயிறு என்றால் பழைய சொல்.

டோக்கியோ, டாக்கா, லாகூர்

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி திசை மாறியது. மாற்றியவர்கள் பிரிட்டனில் பிறந்தவர்கள். மாறிய இடங்களோ ஆசியாவில் இருந்தன. இந்த வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி இது என்பது என் எண்ணம்.

ஹரால்ட் பாமர் 1922-இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் ஆலோசகராக டோக்கியோ சென்றார். ஜப்பானிய மாணவர்களுக்குத் தனிச்சொற்கள் தெரிந்திருந்தன, இலக்கணமும் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர்கள் எழுதியது ஆங்கிலம் போல ஒலிக்கவில்லை. ஒன்றாகவே வந்து ஒன்றாகவே கற்கப்பட வேண்டிய சொற்றொடர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதே காரணம் என்று பாமர் கண்டார். 1933-இல் அவருடைய ஆய்வு நிறுவனம் அத்தகைய சொற்சேர்க்கைகளை வகைப்படுத்தி அறிக்கையாக வெளியிட்டது. அதே குழுவில் வளர்ந்த ஏ. எஸ். ஹார்ன்பி, இருவரோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் அச்சானது. ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும், அதற்குப் பின் என்ன வரலாம் என்று அது காட்டியது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளி நூலகங்களில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூதாதை அதுவே.

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்களுக்குச் சொற்களைக் குறைத்துக் கொடுப்பதே வழி என்றார். அவர் வழிவந்த 1953-ஆம் ஆண்டுப் பட்டியல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைக் கொண்டது. இதைவிடத் துணிச்சலான குறைப்பைச் செய்தவர் சி. கே. ஆக்டன். 1930-இல் அவர் முன்வைத்த ‘பேசிக் இங்கிலீஷ்’ 850 சொற்களோடு நின்றது. வினையாகச் செயல்படுபவை பதினெட்டே. சேர்ப்பது, கலப்பது, பிணைப்பது எல்லாவற்றுக்கும் ‘புட்’ என்ற வினையோடு ‘டுகெதர்’ போட்டால் போதும். தேர்வே இல்லாவிட்டால் தவறும் இல்லை என்பது இதன் தர்க்கம். ஆனால் ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது, ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது என்று எளிய வினையும் இடைச்சொல்லும் சேர்ந்து உண்டாக்கும் பொருளை யாரும் ஊகித்துவிட முடியாது. சொற்களைக் குறைத்ததில் சிக்கல் குறையவில்லை, சேர்க்கைகளுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

மூன்றாவது ஊரின் பங்கு ஜே. ஆர். ஃபர்த்துடையது. 1920-களில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். லண்டன் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, 1951-இல், ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அது எந்தச் சொற்களோடு கூடி வருகிறது என்பதிலேயே இருக்கிறது என்ற கோட்பாட்டை முன்வைத்தார். பாமருக்குப் பாடத்திட்டமாக இருந்தது ஃபர்த்திடம் மொழியியலாயிற்று.

விதியா, மரபா?

தமிழ் இலக்கணத்துக்கு இந்த எண்ணம் புதிதல்ல. வழுக்கள் ஏழில் ஒன்று மரபு வழு. யானையை மேய்ப்பவன் பாகன், ஆட்டை மேய்ப்பவன் இடையன். மாற்றிச் சொன்னால் பொருள் விளங்கினாலும் வழு. தொல்காப்பிய உரையாசிரியர்கள் இன்னொரு நுட்பத்தையும் காட்டினார்கள். அம்பை எய்வார்கள், வேலை எறிவார்கள், வாளால் வெட்டுவார்கள். ஆனால் எல்லாவற்றையும் படை என்று சேர்த்துச் சொல்லும்போது ‘வழங்கினார்’ என்ற பொது வினை வேண்டும். தனிப்பொருளுக்குச் சிறப்பு வினை, தொகுதிக்குப் பொது வினை என்ற இந்தப் பிரிவு ஆக்டன் தவறவிட்டது. பொது வினை எல்லா மொழியிலும் பயன்படும்; சிறப்பு வினையின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது. மரபு என்று பெயர் வைத்ததில் ஓர் ஒப்புதலும் இருக்கிறது: காரணம் சொல்ல முடியாத இடத்தில், உயர்ந்தோர் எப்பொருளை எச்சொல்லால் எவ்வாறு கூறினரோ அவ்வாறே கூறுக என்பதுதான் விடை.

1957-க்குப் பின் நோம் சோம்ஸ்கியின் பார்வை இதற்கு நேர் எதிராக எழுந்தது. மொழி என்பது எல்லையற்ற வாக்கியங்களை ஆக்கும் விதித் தொகுதி. சொற்கள் சேர்வதில் உள்ள தடைகளை உயிருள்ளது, உயிரற்றது, பருப்பொருள் என்பன போன்ற பண்புக்கூறுகளைக் கொண்டு விளக்கிவிடலாம் என்று 1960-களில் அவரைச் சார்ந்தோர் முயன்றார்கள். ஃபர்த்தின் மாணவரான மைக்கேல் ஹாலிடே 1966-இல் காட்டிய எடுத்துக்காட்டு அதற்குப் பெரும் இடையூறு. தேநீர் ‘ஸ்ட்ராங்’ ஆகலாம், ‘பவர்ஃபுல்’ ஆகாது. இயந்திரம் ‘பவர்ஃபுல்’ ஆகும். எந்தப் பண்புக்கூறும் இதைப் பிடிக்காது.

1983-இல் ஆண்ட்ரூ பாலியும் ஃபிரான்சிஸ் சைடரும் இன்னும் கூர்மையாகக் கேட்டார்கள். திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன் என்பதை ஆங்கில இலக்கணம் அனுமதிக்கும் பல விதங்களில் சொல்லலாம். மணவினையால் பிணைக்கப்பட ஆசை என்றோ, நீ என் துணைவியாவது என் விருப்பப் பொருள் என்றோ இலக்கணச் சுத்தமாக வாக்கியம் அமைக்கலாம். அவற்றில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றை மனிதர் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் ஆங்கிலம் அறிந்தவருக்குத் தெரிந்தது விதிகள் மட்டுமல்ல. எந்த வாக்கியம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது.

ஜான் சின்க்ளேர் 1991-இல் இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்தார். பேசுபவரிடம் தயாராகக் கிடக்கும் தொடர்கள் முதலில் எடுக்கப்படுகின்றன. அவை போதாத இடத்தில் மட்டுமே விதி கைகொடுக்கிறது. 2000-இல் பிரிட் எர்மனும் பியாட்ரிஸ் வாரனும் சில ஆங்கிலப் பகுதிகளை ஆராய்ந்து, பாதிக்குச் சற்று மேல் இத்தகைய ஆயத்தத் தொடர்களால் ஆனவை என்றார்கள். எதை ஆயத்தத் தொடர் என்று எண்ணுவது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை, ஆகவே அந்த அளவை அறுதியானதாகக் கொள்ள முடியாது. ஆனாலும் விதி மட்டும் போதும் என்ற பழைய நிலைக்கு இனி யாரும் திரும்ப வாய்ப்பில்லை.

எண்ணிப் பார்த்தவர்கள்

மரபை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்குக் கணினி ஒரு விடை தந்தது: யாரிடமும் கேட்க வேண்டாம், எழுதியதையும் பேசியதையும் திரட்டி எண்ணு. 1960-களில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் பத்து லட்சம் சொற்கள் கொண்ட தரவகத்தை உருவாக்கியது. 1987-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சின்க்ளேர் தலைமையில் காலின்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கோபில்ட் அகராதி, முழுக்கத் தரவகத்தை நம்பியே எழுதப்பட்டது. 1990-களில் பிரிட்டிஷ் தேசியத் தரவகம் பத்துக் கோடிச் சொற்களை எட்டியது. 2002-இல் ஆக்ஸ்ஃபோர்டு சொற்சேர்க்கைக்கென்றே தனி அகராதி வெளியிட்டது. அதில் பெயர்ச்சொல்லைத் தேடினால் அதோடு வரும் வினைகள் கிடைக்கும். மாணவர் கேட்பது பெரும்பாலும் இந்தத் திசையில்தான்: கையில் இருப்பது ‘ஃபோர்சஸ்’, வேண்டியது அதற்குரிய வினை. ரோஜேயின் திசையைத் தலைகீழாக்கிய இந்த ஏற்பாடு, என் மதிப்பில், முந்நூறு ஆண்டு முயற்சியில் கற்பவருக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கருவி.

எண்ணிக்கை புதிதாகச் சிலவற்றைக் காட்டவும் செய்தது. ஒரு சொல் எப்போதும் எத்தகைய துணையோடு வருகிறதோ, அதன் சாயல் அந்தச் சொல்லில் படிகிறது என்று சின்க்ளேரும் பில் லோவும் எழுதினார்கள். செய்தித்தாள் ஆங்கிலத்தில் ஒருவரை ‘லிங்க்டு டு’ என்று எழுதினால் அடுத்து வருவது பெரும்பாலும் குற்றமோ நோயோ ஊழலோதான். அகராதிப் பொருளில் வெறும் தொடர்பைக் குறிக்கும் சொல் இது. தன் நிறுவனம் ஒரு தொண்டு அமைப்போடு ‘லிங்க்டு’ என்று நல்லெண்ணத்தில் எழுதுபவருக்கு அகராதி எச்சரிக்கை தராது, தரவகம் தரும்.

எண்ணும் முறைகளிலும் ஓட்டை உண்டு. கென்னத் சர்ச்சும் பேட்ரிக் ஹாங்க்ஸும் 1990 வாக்கில் பரப்பிய அளவை, இரு சொற்கள் தற்செயலாகச் சேரக்கூடியதைவிட எவ்வளவு அதிகமாகச் சேர்கின்றன என்று கணக்கிடுகிறது. அரிய சொற்களின் இணைகளை அது தேவைக்கு மேல் உயர்த்திக் காட்டும். வேறு அளவைகள் மிகச் சாதாரண இணைகளை மேலே கொண்டுவரும். எந்த அளவையைத் தேர்கிறோமோ அதற்கேற்ப ‘இயல்பு’ மாறுகிறது. அதைவிட அடிப்படையான குறை, ஒரு தொடர் தரவகத்தில் இல்லை என்பது அதைச் சொல்லக் கூடாது என்பதற்குச் சான்றாகாது. கவிஞர் புதிதாகச் சேர்த்ததையும் மாணவர் தவறாகச் சேர்த்ததையும் எண்ணிக்கை ஒரே மாதிரி நடத்துகிறது.

காரணம் உண்டு என்பவர்கள்

எல்லாமே மனப்பாடம் என்ற முடிவை ஏற்காத ஒரு மரபு 1980-இல் ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் எழுதிய உருவக நூலோடு தொடங்கியது. சொற்சேர்க்கையை முன்கூட்டிக் கணிக்க முடியாமல் போகலாம். பார்த்த பிறகு காரணம் புரியும் என்பது இவர்கள் நிலை.

இணைப்பு வினைகளுக்குப் பின் வரும் ‘டு’, ‘வித்’ ஆகியவை இதற்கு நல்ல களம். கம்பியைச் சுவரில் உள்ள முனையோடு சேர்ப்பது ‘கனெக்ட் டு’. ஒரு பக்கம் நிலையாக நிற்க, மற்றது அதை நோக்கிப் போகிறது. மனிதரோடு மனம் ஒன்றுவது ‘கனெக்ட் வித்’. இரு பக்கமும் பங்கு கொள்கின்றன. ‘அட்டாச்’ எப்போதும் ‘டு’வை நாடுகிறது, ஏனெனில் ஒட்டப்படுவது சிறியது, ஒட்டப்படும் இடம் பெரியது. ‘கம்பைன்’ ‘வித்’தை நாடுகிறது, கலப்பில் இரண்டும் சமம். இந்த விளக்கம் கேட்கச் சுகமாக இருக்கிறது, பெரும்பாலும் பொருந்தவும் செய்கிறது. ‘லிங்க்’ இரண்டையும் ஏற்பதும், ‘மேரி’ எதையும் ஏற்காமல் நேரடியாகச் செயப்படுபொருளைக் கொள்வதும் இதற்குள் எளிதில் அடங்குவதில்லை. மணம் இரு பக்கமும் பங்குகொள்ளும் சேர்க்கைதானே. ஸ்பானியர் தம் மொழியின் தூண்டுதலால் அங்கே ‘வித்’ போட்டுத் தவறுவது வழக்கம். தமிழர் தவறுவது குறைவு. நாமும் ‘அவனை மணந்தாள்’ என்று இரண்டாம் வேற்றுமையில்தான் சொல்கிறோம்.

காரணம் தெரிந்தால் நினைவில் நிற்கும் என்பதற்கு ஃபிராங்க் போயர்ஸும் சேத் லிண்ட்ஸ்ட்ராம்பெர்க்கும் செய்த வகுப்பறைச் சோதனைகள் ஓரளவு ஆதரவு தருகின்றன. மரபுத்தொடர் எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுத்தபோது மாணவர்கள் அதிகம் நினைவில் வைத்தார்கள். ஆனால் சொல்லும் காரணம் வரலாற்று உண்மையா, ஆசிரியர் கட்டிய கதையா என்பது நினைவுக்கு ஒரு பொருட்டல்ல. ஆகவே கற்பிக்க உதவியது என்பதாலேயே விளக்கம் மெய்யாகிவிடாது.

யாருடைய காது?

இதுவரை வந்த எல்லா விடைகளும் ‘ஆங்கிலேயர் காதுக்கு’ என்ற சொல்லை அளவுகோலாக வைத்திருக்கின்றன. அது ஒரே காதா? எண்ணிட்ட புள்ளிகளைக் கோட்டால் சேர்த்துப் படம் வரையும் சிறுவர் விளையாட்டை பிரிட்டனில் ‘ஜாயின் த டாட்ஸ்’ என்கிறார்கள், அமெரிக்காவில் ‘கனெக்ட் த டாட்ஸ்’. துப்புகளைச் சேர்த்து உண்மையைக் காண்பதற்கு இரு நாட்டிலும் அதே தொடர் உருவகமாகிறது, அவரவர் வினையோடு. இதில் எது இயல்பு என்று கேட்பதில் பொருளில்லை.

இந்திய ஆங்கிலத்தில் சேர்த்தலுக்கென்று ஒரு தனி வழக்கே உண்டு. வாடகை வீட்டு விளம்பரத்தில் ‘அட்டாச்டு பாத்ரூம்’ இல்லாமல் இருக்காது. அதே வசதியை பிரிட்டனில் ‘ஆன் ஸ்வீட்’ என்று பிரெஞ்சில் சொல்கிறார்கள். ‘ஜாயிண்ட் ஃபேமிலி’ இந்தியரின் பிழை அல்ல. இந்து வாரிசுரிமை வழக்குகளை விசாரித்த ஆங்கிலேய நீதிபதிகளே 19-ஆம் நூற்றாண்டில் அந்தத் தொடரைத் தீர்ப்புகளில் எழுதினார்கள்.

‘க்ளப்’ என்ற வினையைச் சற்று அருகில் பார்க்கலாம். பிரிட்டனில் சிலர் ‘க்ளப் டுகெதர்’ என்றால் காசு போட்டு ஒரு பரிசு வாங்குகிறார்கள் என்று பொருள். இந்திய அலுவலகங்களில் விடுப்புகளை ‘க்ளப்’ செய்யலாம், மனுக்களை ‘க்ளப்’ செய்து விசாரிக்கலாம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 60 முதல் 64 வரையான பிரிவுகள், மனைவி அல்லது கணவர், இளம் பிள்ளைகள் ஆகியோரின் சில வருமானங்களை ஒருவர் கணக்கில் சேர்ப்பதைப் பற்றியவையாக இருந்தன. வரி ஆலோசகர் முதல் நாளிதழ் வரை அதை ‘க்ளப்பிங்’ என்றே சொல்கிறார்கள். லண்டன்காரருக்கு அந்தச் சொல் இரவு விடுதி நடனத்தை நினைவூட்டும். ஆனால் இங்கே அது வழுவின்றி, நுட்பமான பொருளோடு, பல லட்சம் பேரிடம் புழங்குகிறது. இதைப் பிழை என்று திருத்த எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை.

‘ஜாயின்டு இன் எ கம்பெனி’ என்பதன் நிலை வேறு. ‘கம்பெனியில் சேர்ந்தேன்’ என்ற தமிழ் ஏழாம் வேற்றுமை அங்கே ‘இன்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் நிறுவனத்துக்கு ‘ஜாயின்’ நேரே வரும். ‘ஜாயின் இன்’ என்பது நடந்துகொண்டிருக்கும் பாட்டிலோ விளையாட்டிலோ கலந்துகொள்வதற்கு. இதை நம் நாட்டு ஆங்கில ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும் பிழை என்றே திருத்துகிறார்கள், ‘க்ளப்’பைத் திருத்துவதில்லை. ஆகவே இந்திய ஆங்கிலத்துக்கும் உள்ளேயே ஓர் அளவுகோல் உருவாகியிருக்கிறது என்று கொள்ள இடமுண்டு.

இந்தச் சச்சரவு 1990-91-இல் வெளிப்படையாக நடந்தது. ராண்டால்ஃப் குவர்க், அந்தந்த நாட்டு வழக்கை அளவுகோலாக ஏற்றால் ஏழை மாணவருக்கு உலகத் தர ஆங்கிலம் மறுக்கப்படும் என்றார். காஷ்மீரில் பிறந்த பிரஜ் கச்ரு, ஆங்கிலம் பல மையங்கள் கொண்ட மொழியாகிவிட்டது, சொற்சேர்க்கையிலேயே அந்தந்த மண்ணின் வாழ்க்கை பதிகிறது என்று மறுத்தார். இதற்கு முன்பே 1985-இல், கேரளத்தில் பிறந்து கனடாவில் அகராதி தொகுத்த தாமஸ் பைக்கடே, ‘தாய்மொழிப் பேச்சாளர்’ என்ற நடுவரே கற்பனை என்று வாதிட்டு நூல் வெளியிட்டிருந்தார். குவர்க்கின் கவலையைத் தள்ளிவிட முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ நிறுவனத்துக்கோ விண்ணப்பிக்கும் மாணவரை மதிப்பிடுபவர் எந்தக் காதோடு கேட்கிறார் என்பது அந்த மாணவரின் வாழ்க்கையையே பாதிக்கும். ஆனால் அந்தக் கவலை மதிப்பிடுபவரைப் பற்றியது, மொழியைப் பற்றியதல்ல.

வகுப்பறைக்கு வந்தால்

மைக்கேல் லூயிஸ் 1993-இல், இலக்கணத்தை முதுகெலும்பாக்கிச் சொல்லை நிரப்பும் பாடத்திட்டத்தைக் கைவிட்டு, தொடர்களையே அலகாகக் கற்பியுங்கள் என்றார். எத்தனை தொடர், எந்த வரிசையில் என்பதற்கு அவர் தெளிவான வழி தரவில்லை. அதற்கு முன் 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டம், சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்ப் பள்ளிகளிலும் நடந்தது. பொருளில் கவனம் செலுத்தும் பணிகளைக் கொடுத்தால் மொழியமைப்பு தானாகப் படியும் என்பது அதன் அடிப்படை. இலக்கணத்துக்கு இது பொருந்தினாலும் சொற்சேர்க்கைக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. ‘ஜாயின்டு இன்’ என்று சொன்னாலும் பொருள் விளங்கிவிடுகிறது. விளங்கிவிட்டால் மாணவருக்குத் திருத்திக்கொள்ளத் தூண்டுதல் இல்லை.

நாட்யா நெசெல்ஹாஃப் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஜெர்மானிய மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை ஆராய்ந்தது. பல ஆண்டு படித்தவர்களும் சொற்சேர்க்கையில் தடுமாறினார்கள், அதில் தாய்மொழியின் பங்கு பெரிது. தமிழ் மாணவர்களுக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பு கிடைக்கிறது: இரு மொழியும் ஒத்துப்போகும் சேர்க்கைகளில் நேரம் செலவிடத் தேவையில்லை, விலகும் இடங்களைப் பட்டியலிட்டால் போதும். ‘சேர்’, ‘இணை’, ‘கூட்டு’ ஆகிய வினைகளும் அவற்றின் வேற்றுமைகளும் ஆங்கிலத்தில் எங்கெங்கே சிதறுகின்றன என்பதைத் தரவுகளோடு தொகுத்த கையேடு ஒன்று இருந்தால் பல அகராதிகளைவிடப் பயன்படும்.

தீராதவை

பொருள் தேர்வைச் சில சொற்களுக்குள் குறுக்குகிறது, பழக்கம் அதற்குள் ஒன்றை முன்னிறுத்துகிறது என்ற அளவில் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் உடன்படக்கூடும். அதற்கு மேல் கருத்து ஒன்றுபடவில்லை. ‘ஜாயின் ஃபோர்சஸ்’ போன்ற தொடர் மூளையில் ஒரே துண்டாகச் சேமிக்கப்படுகிறதா, வேகமாகக் கோக்கப்படுகிறதா என்பதற்கான சோதனைச் சான்றுகள் இரு பக்கமும் வாசிக்க இடம் தருகின்றன. பிழைக்கும் புது வழக்குக்கும் நடுவே கோடு எங்கே என்பதற்கு, எத்தனை பேர், எத்தனை ஆண்டு, எத்தகைய எழுத்தில் பயன்படுத்தினால் போதும் என்று யாரும் அளவு சொல்லவில்லை.

இவற்றோடு புதிய ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அடுத்த சொல்லை ஊகிக்கும் மென்பொருள்கள் இப்போது கைபேசியிலும் அலுவலக எழுத்திலும் தொடர்களை முன்வைக்கின்றன. சொல்லைக் கூட்டாளிகளால் அறியலாம் என்ற ஃபர்த்தின் எண்ணமே அவற்றின் அடியில் இருக்கிறது. அவை கற்ற எழுத்தில் எந்த நாட்டு ஆங்கிலம் மிகுதியோ அந்த வழக்கே பரிந்துரையாக வருவதற்கு வாய்ப்பு அதிகம். திருச்சியிலோ கோவையிலோ ஒரு வரி ஆலோசகர் ‘க்ளப்’ என்று தட்டும்போது திரை வேறொரு சொல்லைக் காட்டினால், அவர் எத்தனை முறை அதை மறுத்துத் தன் சொல்லையே வைத்துக்கொள்வார், அந்தத் தேர்வுகள் அடுத்த தலைமுறைத் தரவகத்தில் எப்படிப் பதியும் என்பதை அளந்து பார்க்கும் ஆய்வு இனிமேல்தான் வளர வேண்டியிருக்கிறது.